சான்டா கிளாரா கவுண்ட்டியில் டியுஐ கைது, கோர்ட் ஆவணங்களை எடுப்பது எப்படி

சன்னிவேலில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு குடித்துவிட்டு வண்டியை எடுத்தான். அமெரிக்காவில் இந்தக் குற்றத்துக்கு 'டியுஐ' என்று பெயர். லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வேயில் போலீஸ் நிறுத்தியது. ஊதச் சொன்னார்கள், கைவிலங்கு மாட்டினார்கள், மறுநாள் காலையில் விட்டார்கள். யாருக்கும் அடிபடவில்லை, அது தெய்வாதீனம். ஆனால் அவன் செய்தது தவறு; அதை நான் எங்கேயும் மறைக்கப் போவதில்லை. கோர்ட் சொன்ன அபராதத்தைக் கட்டினான், வகுப்புகளுக்குப் போனான். அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

இரண்டு வருடம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவன், சென்னையில் விசா ஸ்டாம்பிங்குக்கு நின்றபோது, கோர்ட் முத்திரை போட்ட ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். அவனிடம் ஒன்றுமே இல்லை. "அக்கா, நீதான் போய் எடுத்துத் தரணும்" என்று நடுராத்திரியில் போன் செய்தான். எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. எதை, எங்கே, எப்படிக் கேட்பது என்று தெரிந்திருந்தால் ஒரு காலைப்பொழுது போதும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்ட்டியைப் பற்றி. கவுண்ட்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. கலிஃபோர்னியாவின் மற்ற கவுண்ட்டிகளிலும் சட்டமும் நகல் கட்டணமும் இதேதான். கட்டிடமும் கவுண்ட்டரும்தான் மாறும். நான் வக்கீல் இல்லை. விசா, குடியுரிமை முடிவுகளுக்குக் குடிவரவு வக்கீலை ஒருமுறையாவது பாருங்கள்.

1. எந்தக் காகிதம் வேண்டும் என்று முதலில் தீர்மானியுங்கள்

ஒரே கைதுதான், ஆனால் அதன் பதிவுகள் தனித்தனி அலமாரிகளில் இருக்கின்றன. கைது செய்த போலீஸிடம் அறிக்கை இருக்கும். சிறையை நடத்தும் ஷெரிஃப் அலுவலகத்தில், உள்ளே கொண்டுவந்தபோது பதிந்த புக்கிங் பதிவு இருக்கும். வழக்கும் தீர்ப்பும் கவுண்ட்டியின் விசாரணை நீதிமன்றமான சூப்பீரியர் கோர்ட்டில். லைசென்ஸை முடக்கிய விவரம், லைசென்ஸ் கொடுக்கும் மாநில வாகனத் துறையான டிஎம்வியில். இவற்றின் சுருக்கம் மாநில நீதித்துறையிலும் எஃப்பிஐயிலும். ஓரிடத்தில் போய் இன்னொன்றைக் கேட்டால் 'இங்கே இல்லை' என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு, பதிவே இல்லை போலிருக்கிறது என்று திரும்பிவிடாதீர்கள்.

விசா, கிரீன் கார்டு, குடியுரிமை எதுவானாலும் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒன்றுதான்: வழக்கு எப்படி முடிந்தது என்று காட்டும், கோர்ட் சான்றளித்த நகல். அங்கே அதற்கு 'சர்டிஃபைட் டிஸ்பொசிஷன்' என்று பெயர். இந்த இரண்டு சொற்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸுக்கும் ஓட்டுநர் வேலைக்கும் டிஎம்வி பதிவு. உங்கள் பெயரில் மொத்தம் என்னென்ன இருக்கிறது என்று தெரியவேண்டுமானால் மாநில நீதித்துறை.

2. எந்தக் கவுண்ட்டி என்று உறுதி செய்யுங்கள்

வீடு எங்கே இருக்கிறது என்பது இதில் கணக்கே இல்லை. சம்பவம் நடந்த இடம் எந்தக் கவுண்ட்டியோ, வழக்கு அங்கே. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றிய பே ஏரியாவில் இது சுலபமாகக் குழப்பிவிடும். மில்பிடாஸ் சான்டா கிளாரா கவுண்ட்டி. அதை ஒட்டியிருக்கும் ஃப்ரீமான்ட் அலமீடா கவுண்ட்டி. பாலோ ஆல்டோ இந்தப் பக்கம். ஓடையைத் தாண்டியதும் மென்லோ பார்க் சான் மேட்டியோ கவுண்ட்டி. 880 நெடுஞ்சாலையிலோ 101இலோ நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸ் பிடித்திருந்தால், வண்டி நின்ற இடத்தைப் பார்க்கவேண்டும்.

3. கைதான அன்று கொடுத்த தாள்களைத் தேடுங்கள்

வெளியே விடும்போது கையில் சில தாள்களைத் திணித்திருப்பார்கள். தம்பியுடையது காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள், ஆயில் மாற்றிய ரசீதுகளுக்கு அடியில், நான்காக மடித்துக் கிடந்தது.

ஒன்று இளஞ்சிவப்புத் தாள். டிஎம்வி சார்பில் போலீஸ் கொடுக்கும் லைசென்ஸ் முடக்க உத்தரவு அது. 30 நாளைக்கு அதுவே தற்காலிக லைசென்ஸும் கூட. கைதான தேதி, பிடித்த போலீஸ் துறையின் பெயர் எல்லாம் அதில் இருக்கும்.

இன்னொன்று, எந்தத் தேதியில் எந்தக் கோர்ட்டில் ஆஜராகவேண்டும் என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள். சிறையில் பதிந்த தாளில் புக்கிங் எண்ணும், இந்தக் கவுண்ட்டி ஒவ்வொரு ஆளுக்கும் கொடுக்கும் 'பிஎஃப்என்' என்ற தனி எண்ணும் இருக்கும். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கு எண் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பழைய எண்களில் முதல் எழுத்தே கோர்ட்டைச் சொல்லிவிடும்: 'சி' என்றால் சான் ஹோசே, 'பி' (B, P அல்ல) என்றால் பாலோ ஆல்டோ, 'எஃப்' என்றால் தெற்குப் பகுதி. அடுத்த இரண்டு இலக்கம் வருடம்.

4. பெயர்: நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம்

வழக்கு எண் இல்லையென்றால் பெயரை வைத்துத்தான் தேடவேண்டும். எனக்கு மூன்று வாரத்தில் இரண்டு வாரம் போனது இதில்தான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோ இனிஷியலோதான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் இருக்கும். பலருக்கு அந்தக் கட்டமே காலி. காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் சர்நேமாகப் போய், முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' (FNU) என்று மூன்று எழுத்து உட்கார்ந்துவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. லைசென்ஸ் எடுக்கும்போது இன்னொரு விதமாகப் பதிவாகியிருக்கலாம். இரவு ஒரு மணிக்கு ரோட்டோரத்தில் போலீஸ் எந்த அட்டையைப் பார்த்து எழுதினாரோ, வழக்கு அந்தப் பெயரில்.

எடுத்துக்காட்டாக, செல்வராஜ் மகன் கார்த்திக் என்று வைத்துக்கொள்வோம். கார்த்திக் செல்வராஜ், செல்வராஜ் கார்த்திக், எஃப்என்யு கார்த்திக், இரண்டும் ஒட்டிய கார்த்திக்செல்வராஜ், இந்திய லைசென்ஸைக் காட்டியிருந்தால் வெறும் கார்த்திக் எஸ் என எல்லா விதத்திலும் தேடுங்கள். ஆங்கில எழுத்துக் கூட்டலில் ஒரு 'எச்' கூடினாலும் குறைந்தாலும் தேடலில் வராமல் போகலாம். 'ழ' இருக்கும் பெயரென்றால் 'இசட்-எச்' போட்டும் 'எல்' போட்டும் பாருங்கள்.

கோர்ட்டில் பொதுமக்களுக்கென்று வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நான் தம்பி பெயரைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டேன். அதற்கும் வரவில்லை. எழுந்து போய்விடலாம் என்று பையைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு அவனுடைய விசாப் பக்கத்தின் படத்தைப் போனில் திறந்து, அதில் இருந்தபடியே அந்த மூன்று எழுத்தோடு சேர்த்துத் தட்டியதும் ஒரே ஒரு வரி வந்தது. கைதான தேதி சரியாக இருந்தது.

இதில் இன்னொரு முடிச்சு. பிறந்த தேதியைப் போட்டு வடிகட்ட முடியாது. கோர்ட்டின் பொது வழக்குப் பட்டியலில் பிறந்த தேதியையும் லைசென்ஸ் எண்ணையும் வைத்துத் தேடவிடக்கூடாது என்று 2021இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ரிவர்சைட் கவுண்ட்டி வழக்கொன்றில் சொல்லிவிட்டது. அதனால் ஒரே பெயரில் நாலு பேர் வந்தால், கைதான தேதியையும் கோப்பையும் பார்த்துத்தான் நம்முடையது எது என்று பிரிக்கவேண்டும்.

5. காசு கேட்கும் தேடல் தளங்களில் பணத்தைக் கொட்டாதீர்கள்

பதற்றத்தில் நான் முதலில் செய்தது இதுதான். 'உடனடி கைதுப் பதிவு' என்று விளம்பரம் செய்த ஒரு தளத்தில் கார்டு எண்ணைக் கொடுத்தேன். வந்தது அதே பெயரில் வேறு ஊரில் இருக்கும் வேறொருவரின் பதிவு. அது சரியான பதிவாகவே இருந்திருந்தாலும், கோர்ட் முத்திரை இல்லாத அச்சுத்தாளை விசா அதிகாரி ஏற்கமாட்டார்.

கைதுப் புகைப்படத்தைப் போட்டுவிட்டு, எடுப்பதற்குப் பணம் கேட்கும் தளங்களும் உண்டு. அப்படிப் பணம் கேட்பது கலிஃபோர்னியாவில் 2015 முதல் சட்டவிரோதம். பணம் கொடுக்கவேண்டாம், எழுத்தில் கேளுங்கள், அந்த மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள்.

6. கோர்ட்டுக்கு நேரில் போங்கள்

இணையத்தில் வழக்கு எண், விசாரணைத் தேதி, நடவடிக்கைகளின் பட்டியல் போன்ற மேலோட்டமான விவரங்களுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கிரிமினல் வழக்கின் உள் ஆவணங்களைக் கோர்ட் கட்டிடத்தில்தான் பார்க்கலாம், பொதுமக்களுக்கு வெளியிலிருந்து பார்க்கும் வசதி தரக்கூடாது என்பது கலிஃபோர்னியக் கோர்ட் விதி.

சான் ஹோசே வழக்குகளுக்கு 190, வெஸ்ட் ஹெட்டிங் தெருவில் உள்ள ஹால் ஆஃப் ஜஸ்டிஸ். சிறை பக்கத்திலேயே, 150ஆம் எண். நார்த் ஃபர்ஸ்ட் தெருவில் இருக்கும் சிவிக் சென்டர் லைட் ரயில் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம்தான். பாலோ ஆல்டோவுக்கு 270, கிரான்ட் அவென்யூ. தெற்கே மார்கன் ஹில்லில் இன்னொன்று. ஆஜராகச் சொன்ன தாளில் எது எழுதியிருக்கிறதோ அங்கே போங்கள். வாசலில் விமான நிலையம் மாதிரி பரிசோதனை இருக்கும். சாவிக்கொத்தில் சின்னக் கத்தி இருந்தால் காரிலேயே வைத்துவிடுங்கள்.

கிரிமினல் வழக்கின் கோப்பு பொது ஆவணம். தம்பி சென்னையில் இருந்தபோதே, அவன் கையெழுத்தோ அனுமதிக் கடிதமோ இல்லாமல் நானே வாங்க முடிந்தது. இது தெரியாமல் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி அனுப்பச் சொல்லி நான்கு நாளை வீணடித்தேன்.

கட்டணத்துக்கு வருவோம். நகல் பக்கத்துக்கு 50 சென்ட். சான்றளிக்க ஒரு ஆவணத்துக்கு 40 டாலர். பக்கத்துக்கு அல்ல, ஆவணத்துக்கு. தேடுவதற்கு ஊழியருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் பெயருக்கு 15 டாலர். வழக்கு எண்ணோடு போனால் இந்தப் பதினைந்து மிச்சம். கோப்பில் உள்ள எல்லாவற்றுக்கும் சான்று கேட்டால் சில நூறு டாலர் ஆகிவிடும். அதனால் முழுக் கோப்புக்கும் சாதா நகல் எடுத்துக்கொண்டு, முக்கியமானவற்றுக்கு மட்டும் சான்று வாங்குங்கள். நான் வாங்கியவை: அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் மாவட்ட வழக்கறிஞர் தாக்கல் செய்த குற்றச்சாட்டு மனு, குற்றத்தை ஒப்புக்கொண்டதும் தண்டனை விதித்ததும் பதிவான அன்றைய கோர்ட் குறிப்பு, நன்னடத்தைக் காலம் பற்றிய உத்தரவு. மூன்று சான்று 120 டாலர், 22 பக்கம் 11 டாலர், ஆக 131 டாலர். கட்டணம் அவ்வப்போது உயரும், கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துப் போங்கள்.

கவுண்ட்டரை விட்டு நகரும் முன் முத்திரை விழுந்திருக்கிறதா, வழக்கு எண் எல்லாத் தாளிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். பின் அடித்த சான்று நகலை ஸ்கேன் செய்வதற்காகப் பிரிக்காதீர்கள். பிரித்த அடையாளம் தெரிந்தால் பக்கத்தை மாற்றினாயா என்ற சந்தேகம் வரும்.

7. கோப்பைப் படிக்கும்போது பயந்துவிடாதீர்கள்

வாகனச் சட்டத்தின் 23152(ஏ) போதையில் ஓட்டியது. 23152(பி) ரத்தத்தில் 0.08 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹாலோடு ஓட்டியது. ஒரே சம்பவத்துக்கு வழக்கமாக இரண்டையும் சேர்த்தே போடுவார்கள். என் சித்தி இதைப் பார்த்துவிட்டு "இவன் ரெண்டு தடவை மாட்டினானா?" என்று அழுதுவிட்டார். ஒரு தடவைதான். பெரும்பாலும் ஒன்றில் தண்டனை கொடுத்து மற்றதைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

குற்றச்சாட்டில் 23152 இருந்து தீர்ப்பில் 23103, அதோடு 23103.5 என்று இருந்தால், பேசி முடித்து 'வெட் ரெக்லெஸ்' என்ற சிறிய குற்றமாகக் குறைத்திருக்கிறார்கள் என்று பொருள். இரண்டு தாளும் கையில் இருந்தால்தான் இந்த வித்தியாசத்தை அதிகாரிக்குக் காட்ட முடியும்.

8. வழக்கே பதிவாகவில்லை என்றால்

ஆஜராகச் சொன்ன தேதியில் போனால் 'உங்கள் பெயரில் ஒன்றுமில்லை' என்று சொல்வது அபூர்வமல்ல. ரத்தப் பரிசோதனை முடிவு வராமல் இருக்கலாம், மாவட்ட வழக்கறிஞர் இன்னும் முடிவெடுக்காமல் இருக்கலாம். இந்தச் சிறு குற்றத்துக்கு வழக்குப் போட அவர்களுக்குச் சம்பவ தேதியிலிருந்து ஒரு வருடம் அவகாசம் உண்டு. தப்பித்தோம் என்று இருந்துவிட்டால், பிறகு பழைய முகவரிக்குக் கடிதம் போய், நீங்கள் ஆஜராகாமல், வாரன்ட் வரை போய்விடும். அன்று வந்ததற்குச் சான்று எழுதி வாங்குங்கள். மாதம் ஒருமுறை விசாரியுங்கள். வீடு மாறினால் தெரிவியுங்கள்.

ஒரு வருடம் கடந்தும் வழக்கு இல்லையென்றால் சட்டப்படி அது கைதாகக் கருதப்படாது, வெறும் தடுத்துவைப்புதான். அதற்கான சான்றிதழைக் கைது செய்த போலீஸ் துறையிடம் கேட்டு வாங்குங்கள். 'கோர்ட்டில் பதிவு இல்லை' என்ற கடிதத்தையும் கோர்ட்டில் வாங்கிச் சேர்த்து வையுங்கள். ஆனால் விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம் எப்போதாவது கைதானீர்களா என்று கேட்கிறது. இந்தச் சான்றிதழை நம்பி அங்கே நீங்களாக 'இல்லை' என்று போட்டுவிடாதீர்கள். வக்கீலிடம் கேட்டு எழுதுங்கள்.

9. போலீஸ் அறிக்கை

பலரும் இதைத்தான் முதலில் தேடுகிறார்கள். விசாவுக்குப் பொதுவாகக் கோர்ட் ஆவணமே போதும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு இந்த அறிக்கை வழக்கின் போக்கிலேயே, வக்கீல் வழியாக வந்துவிடும். பழைய வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். மற்றவர்களுக்கு முழு அறிக்கையைத் தரமாட்டார்கள். பொது ஆவணச் சட்டப்படி கைதானவர் பெயர், நேரம், இடம், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை போன்றவற்றைத்தான் கேட்கலாம். தருவார்களா என்று 10 நாளுக்குள் பதில் சொல்லவேண்டும், இன்னும் 14 நாள் நீட்டிக்கலாம். விபத்து நடந்திருந்தால் அதன் அறிக்கை சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும். எந்தத் துறையிடம் கேட்பது என்று பாருங்கள்: கூப்பர்டினோவுக்கு ஷெரிஃப், சன்னிவேலுக்கு அந்த ஊரின் பொதுப் பாதுகாப்புத் துறை, நெடுஞ்சாலைக்கு ரோந்துப் போலீஸ்.

10. டிஎம்வி

இப்போதுதான் கைதாகியிருக்கிறீர்கள் என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் இதைச் செய்யுங்கள். இளஞ்சிவப்புத் தாள் கையில் கிடைத்த 10 நாளுக்குள் டிஎம்வியிடம் விசாரணை கேட்கவேண்டும். கேட்காவிட்டால் 30ஆம் நாளுக்குப் பின் லைசென்ஸ் தானாக முடங்கும்; ஊதி முடிவு கொடுத்த முதல் தடவைக்காரருக்கு நான்கு மாதம். கோர்ட் தேதி வரட்டும் என்று காத்திருந்து இதைத் தவறவிட்டவர்களை நான் அறிவேன். கோர்ட் வேறு, டிஎம்வி வேறு.

ஓட்டுநர் பதிவை இணையத்தில் 2 டாலருக்குப் பார்க்கலாம். ஐஎன்எஃப் 1125 படிவத்தை நிரப்பித் தபாலில் கேட்டால் 5 டாலர். டியுஐ அதில் 10 வருடம் இருக்கும். வகுப்புகளை முடித்ததற்கான சான்று டிஎம்விக்குப் போய்விடும். நடத்திய நிறுவனத்திடம் உங்களுக்கும் ஒரு நகல் கேளுங்கள். விசா நேர்காணலில் அந்தத் தாள் உதவியது.

11. மாநில நீதித்துறையும் எஃப்பிஐயும்

உங்கள் பதிவை நீங்களே பார்க்க மாநில நீதித்துறைக்கு 25 டாலர், அதோடு லைவ் ஸ்கேன் மையத்தில் விரல்ரேகை எடுக்கும் கூலி. படிவம் பிசிஐஏ 8016ஆர்ஆர். எஃப்பிஐ சுருக்கத்துக்கு 18 டாலர். அதற்கு ஊரிலிருந்தும் விரல்ரேகை அட்டை அனுப்பலாம். கோர்ட்டில் தள்ளுபடியானது இங்கே இன்னும் 'கைது' என்று மட்டும் நின்றிருந்தால், சான்று நகலை வைத்துத் திருத்தச் சொல்லலாம். இந்த மாநிலப் பதிவை எடுத்து வந்து காட்டு என்று வேலை கொடுப்பவர் கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

12. இன்னொருவரைப் பற்றித் தேடுகிறீர்களா

மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கச் சொல்லி ஊரிலிருந்து கேட்பார்கள். எனக்கே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கோர்ட் கோப்பைப் பார்ப்பதற்குத் தடையில்லை. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து ஒரு பையனின் வாழ்க்கையைக் கெடுத்துவிடாதீர்கள். கைதான செய்தியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. வேலைக்கு ஆள் பார்க்க ஒரு நிறுவனம் வழியாக விசாரிப்பதென்றால் அவருடைய சம்மதம் பெற்றுத்தான் விசாரிக்கவேண்டும்.

13. எப்போது எடுப்பது

டியுஐ கைது தெரியவந்தால், தண்டனைக்குக்கூடக் காத்திராமல் தூதரகம் விசாவை ரத்து செய்து மின்னஞ்சல் அனுப்பலாம். அதனால் மட்டும் அமெரிக்காவில் நீங்கள் தங்கியிருக்கும் அனுமதி போய்விடாது. ஆனால் வெளியே போனால் புது விசா இல்லாமல் திரும்ப முடியாது. அதற்குத் தூதரகம் குறித்த மருத்துவரிடம் பரிசோதனையும் கேட்கக்கூடும். ஆகவே டிக்கெட் போடும் முன்பே சான்று நகல்கள் கையில் இருக்கவேண்டும்.

நன்னடத்தைக் காலம் முடிந்ததும் தண்டனையை நீக்கச் சொல்லி மனுப் போடுவார்கள். போடுங்கள், நல்லதுதான். ஆனால் அதற்கு முன்பே நகல்களை எடுத்துவிடுங்கள். குடிவரவுத் துறைக்கு நீக்கிய தண்டனையும் தண்டனைதான். குடியுரிமைக்கான என்-400 படிவமும் அப்படியே கேட்கிறது.

சாதாரண டியுஐ வழக்கின் கோப்பைக் கோர்ட் 10 வருடம் வைத்திருந்தால் போதும் என்பது சட்டம். அதற்குப் பின் அழித்துவிடலாம். அழித்துவிட்டிருந்தால் 'பதிவு அழிக்கப்பட்டது' என்ற சான்றைத்தான் வாங்க முடியும். உங்கள் வழக்கு பத்து வருடத்தை நெருங்குகிறது என்றால் இந்த வாரமே ஹெட்டிங் தெருவுக்குப் போங்கள்.